வளையம் நின்ற இடம்

நடையின் கடைசியில், குளியலறைக் கதவை ஒட்டி, ஒரு மங்கல் இருந்தது. கேமராவை இறக்கிவிட்டுப் பார்த்தான், வெறும் கதவு. மறுபடி கண்ணை வைத்தால் மங்கல். லென்ஸைக் கழற்றித் துடைத்து மாட்டினான். அப்படியும் அது போகவில்லை.

விற்பனைக்கு வரும் வீடுகளைப் படமெடுத்துக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. அகலமாகக் காட்டும் அந்தப் பழைய லென்ஸ் தானாக ஃபோகஸ் செய்யத் தெரியாத சாமான். வளையத்தைக் கையால் திருப்பித்தான் தெளிவைக் கொண்டுவர வேண்டும். தெளிந்த பொருள் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்பதை வளையத்தில் பொறித்த எண் சொல்லிவிடும். புறாக்கூண்டு அறையையும் அது மைதானம்போல் விரித்துக் காட்டுவதால் புரோக்கர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம். இன்று அவன் எடுத்துக்கொண்டிருந்தது சொந்த வீட்டை.

விற்கச் சொன்னவள் மனைவி. மகளின் கட்டிலருகே ஏதோ நிற்கிறது என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாப்பா உயரம்தான் இருக்கிறது, அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறது என்பாள். முதலில் அவன் சிரித்தான். பிறகு எரிந்து விழுந்தான். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்ட பிறகுதான் வழிக்கு வந்தான். இன்று மிச்ச சாமான்களுக்காக வந்தவள், உள்ளே கால் வைக்க மாட்டேன் என்று வாசலில் காரிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகள் தன் பொம்மைக்காக அடம்பிடித்தபோது மட்டும் அவனிடம், "நீங்க கூடவே இருங்க, கண்ணை எடுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினாள். அவனும் தலையாட்டினான். ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தான்.

மகளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். கேமராவைக் கண்டால் முன்னால் வந்து நாக்கைத் துருத்தாமல் போகவே மாட்டாள். சற்று முன், பொம்மையை இடுக்கிக்கொண்டு அறையிலிருந்து வந்தவள், அவன் பக்கம் திரும்பாமல் சுவரோரமாகவே நடந்து வெளியே போனாள். மஞ்சள் கவுனில் ஒரு கசங்கல்கூட இல்லை. வீட்டை விற்கிற கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் இந்த மங்கல்.

மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த மத்தியானம். நடை முழுக்க ஈர மிதியடியின் வாடை. குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் அது காதில் விழாதது எப்படி என்று யோசித்தபடியே வளையத்தைத் திருப்பினான். ஐந்து மீட்டரில் கதவின் தாழ்ப்பாள் பளிச்சென்று தெரிந்தது. மங்கல் தெளியவில்லை. நான்குக்கு வந்தான். கதவு கரைந்து, மங்கலுக்கு ஓரம் கட்டியது. ஒரு தோள். ஒரு தலை. குழந்தை உயரம்.

முழுதாகத் தெளிவதற்குள் கலங்கிவிட்டது. மூன்று. விரல் தானாகத் துரத்தியது. மறுபடி கலங்கியது. இரண்டு.

அது வந்துகொண்டிருந்தது.

காலடிச் சத்தம் இல்லை. குழாய் மட்டும். ஒன்றரை. விரல் பதறிப் பொத்தானை அழுத்தியது. எடுத்த படத்தைப் பார்க்கக்கூட நிற்காமல் வெளியே பாய்ந்து கதவை இழுத்துப் பூட்டினான்.

கார்க் கதவைத் திறந்தான். முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது என்று மனைவி கேட்டாள்.

"நீ சொன்னது நிஜம்தான். நானும் பாத்துட்டேன்."

அவள் அழுதாள். இத்தனை நாள் பைத்தியக்காரியாக நின்றவள், ஒருவழியாகத் தன்னை நம்பிவிட்டானே என்று அழுதாள். மகள் அவள் மடியில் தலை சாய்த்திருந்தாள்.

"போகட்டும் விடுங்க. பாப்பா நம்மகிட்ட இருக்கா. அது போதும்."

அது கூடவே வெளியே வந்திருந்தால்? கண்ணை நம்ப மனம் வராமல் கேமராவைத் தூக்கினான். கேட் தெளிந்தது. காரின் கண்ணாடி தெளிந்தது. ஒரு மீட்டரில் மனைவியின் முகம், இமையில் தொங்கிய கண்ணீரோடு, தெளிந்தது. தலை கோதிக்கொண்டிருந்த அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. விரல்களுக்குக் கீழே இருந்த தலை தெளியவில்லை.

முன்னால் திருப்பினான். பின்னால் திருப்பினான். மடியில் இருந்தது எந்த எண்ணிலும் தெளியவில்லை.

நடையில் எடுத்த படத்தைத் திரையில் வரவழைத்தான். வெறும் கண்ணுக்குக் காலியாகக் கிடந்த அந்த நடையில் அவன் வாலு இருந்தாள். கவுன் கசங்கி, ஒரு காலில் மட்டும் செருப்போடு, அவனை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் உயர்த்தியிருந்தாள். வாய் 'அப்பா' என்று திறந்திருந்தது.

அவள் முகத்துக்கு நேராகத்தான் கதவைப் பூட்டியிருக்கிறான்.

திரும்பி ஓடிப் பூட்டைத் திறந்தான். நடை காலி. "பாப்பா!" குழாய்ச் சொட்டும் நின்றிருந்தது. கேமராவைக் கண்ணில் வைத்தான். தூரத்தில் ஒரு மஞ்சள் மங்கல். ஐந்தில் கதவு தெளிந்தது, அவள் தெளியவில்லை. ஏழு. பத்து. அந்த வீட்டில் அவ்வளவு நீளமான இடமே கிடையாது. பத்துக்கும் அப்பால் ஒரு நொடி தெளிந்தாள். முகம் அவன் பக்கம்தான் இருந்தது. கால்கள் அசையவில்லை. ஆனாலும் விலகிக்கொண்டிருந்தாள்.

திருப்பினான். வளையம் தட்டி நின்றது. அதற்குமேல் எண் இல்லை.

வெளியே கார் ஹார்ன் அடித்தது. நாக்கைத் துருத்திக்கொண்டு பாப்பா என்னமோ சேட்டை பண்ணுகிறாள், சீக்கிரம் வாங்க என்று மனைவி சிரித்தபடி கூப்பிட்டாள். அவன் வளையத்தை முறுக்கிக்கொண்டே நின்றான். நடையின் முடிவில் அந்த மஞ்சள் புள்ளி மெல்லக் கலங்கத் தொடங்கியது, தூக்கிய கைகளை இன்னும் இறக்காமலேயே.