அமரவிடான் பூட்டிய வண்டி

மாசிலாமணிக்கு அந்த வாரம் முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார். எழுந்தால் வண்டியைச் சுற்றினார். சுற்றினால் ஏதாவது ஒரு திருகாணியைத் திருகினார். திருகாணிகளே அலுத்துப்போய்த் தாமாகத் திரும்பிக்கொள்ள ஆரம்பித்துவிட்டன.

குறுஞ்சுனையில் அவர் வீட்டு வாசலில் நின்ற அந்த லோடு வண்டிதான் ஊருக்கெல்லாம் விலங்குத் தொல்லை தீர்க்கும் அவர் பிழைப்பு; அதற்கு நடந்த அலங்காரம், வீட்டுக்குள்ளே கல்யாணப் பெண்ணாக இருந்த அவர் மகளுக்குக்கூட நடக்கவில்லை. பின்தட்டில் ஒரு பக்கம் பாம்புக் கொக்கிகளும் பாம்பை வைத்து மூடும் மரப்பெட்டியும். மறுபக்கம், எட்டாத பரணில் குடித்தனம் பண்ணும் மரநாயை எட்டிப் பார்க்க மூன்று மடிப்பு ஏணி. கிணற்று மேல் போட வலை, வௌவால் எச்சத்துக்குப் பிளீச்சிங் பவுடர், தோட்டத்துப் பன்றி முட்டினால் தாங்க இரும்பு முட்டுத்தடி. இவை போக, குரங்குகள் பறித்துப்போன மூக்குக்கண்ணாடிகளைப் பண்டமாற்றில் மீட்க எப்போதும் ஒரு தார் வாழைப்பழம்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஓட்டுநர் அறையின் கூரையில், தவில் அளவுக்கு ஒரு கருவி உட்கார்ந்திருந்தது. அதுதான் அமரவிடான்.

காட்டுயிரைத் தொடக்கூடாது, கூண்டில் அடைக்கக்கூடாது, வெடி போடக்கூடாது, முறைத்துக்கூடப் பார்க்கக்கூடாது என்று சட்டம் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அப்போதுதான், பூனை படுக்கும் முன் ஏன் ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்று ஆயுசில் பாதியை ஆராய்ச்சியில் கழித்த ஓர் அம்மையார், எல்லா உயிருக்கும் காதுக்குள்ளே ஓர் இருப்பு நரம்பு இருப்பதைக் கண்டுபிடித்தார். ‘இது நம்ம இடம், உட்காரு’ என்று சொல்வது அந்த நரம்புதான். அதைக் காதுக்குக் கேட்காத அலையால் லேசாகச் சீண்டினால் வலிக்காது, எரியாது. ஆனால் உட்காரவும் முடியாது. ஒவ்வோர் உயிருக்கும் ஒரு சுதி. பன்றிச் சுதி வைத்தால் பன்றி மட்டும் நெளியும், பக்கத்து மயில் பாட்டுக்குத் தோகை விரிக்கும். அமரவிடான் பூட்டிய வண்டி ஒரு தோப்பு வாசலில் நின்றால் போதும், எதிரே இருந்த தொல்லை தானாக எழுந்து அடுத்த ஊருக்கு நடையைக் கட்டும். அடுத்த ஊரில் அடுத்த வண்டி. தென்காசிச் சீமைப் பன்றிகள் அந்தக் காலத்தில் மனிதர்களைவிட அதிகமாகத் தேசம் பார்த்தன.

“என்னத்தான், மறுபடியும் சுத்துதீய? வண்டி தலைகிறுகிறுப்புன்னு ஒங்க மேல புகார் குடுத்துரப் போகுது” என்றான் பேச்சிமுத்து. அவன் மாசிலாமணியின் மனைவி கோமுவுக்குத் தம்பி. கருவிகளுக்கு அவன்தான் வைத்தியன்.

“ஏலே, உனக்கென்ன. சம்பந்தி சொன்னது நெனப்பிருக்கா?”

இருக்காமல் என்ன! மாப்பிள்ளையின் தகப்பனார் தளவாய், வெற்றிலைத் தாம்பாளத்தை வாங்கும்போதே சபையில் சொல்லிவிட்டார்: “ஒத்தக் கொரங்கு. ஒரே ஒரு கொரங்கு பந்திப் பக்கம் தலைகாட்டினாலும், எம்மவன மணையில இருந்து எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன். பாத்துக்கிடும்.”

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. மூத்த மகன் கல்யாணத்தை இதே குறுஞ்சுனை மண்டபத்தில்தான் நடத்தினார். பாயச அண்டா குரங்குகளோடு மொட்டைமாடிக்குப் போனது. தளவாயின் சரிகைத் தலைப்பாகை ஒரு கிழட்டுப் பெண் குரங்கின் தலைக்குப் போனது. அவரைவிட அதற்கு நன்றாக இருந்ததாகப் புகைப்படக்காரர் வேறு சொல்லித் தொலைத்தார். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையைவிடக் குரங்குகளுக்கே பக்கம் அதிகம்.

அந்தக் கிழட்டுக் குரங்குக்கு ஊர் வைத்த பெயர் கங்காணியம்மா. அவள் லேசுப்பட்டவள் இல்லை. அமரவிடானுக்குக் கண்ணாக இருந்து தொல்லையை முள்ளால் அளக்கும் தொல்லைமானி, அதுவரை உருவத்தைப் பார்த்துத்தான் எந்த உயிர் என்று சுதி வைக்கும். இவள் கொடியில் காய்ந்த மழைக்கோட்டைத் தன் கூட்டத்துக்கெல்லாம் மாட்டிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் சத்துணவுக்கே போய்விட்டாள். இன்னொரு நாள் வண்டி மேல் ஏறி அமரவிடானின் பொத்தானை அணைத்துவிட்டு, மாசிலாமணியின் வாழைத்தாரையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

அதனால் இந்தக் கல்யாணத்துக்கென்று இரண்டு மாற்றம் செய்தார் மாசிலாமணி. பொத்தானையே பிடுங்கிப் போட்டார். தொல்லை தீர்ந்து மானியின் முள் சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்தால்தான் இனி அமரவிடான் அடங்கும். இரண்டாவது, உருவம் பார்ப்பதை நிறுத்தி, நடத்தையைப் பார்க்கத் தொல்லைமானிக்குச் சொல்லிக்கொடுத்தார். அண்டை இலையை வெறித்துப் பார்ப்பது. சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் மூச்சுப் படும்படி நிற்பது. இடம் காலியாகும் முன்னே பாய்வது. கேட்காமல் எடுப்பது, எடுத்ததை ஒளிப்பது. குரங்குகளின் படங்களை ராப்பகலாகக் காட்டிக் காட்டி, பேச்சிமுத்து அதை அந்த வித்தையில் பண்டிதனாக்கிவிட்டான்.

“இனி மழைக்கோட்டுல வந்தா என்ன, கோட்டு சூட்டுல வந்தா என்ன? புத்தியக் காட்டினா மாட்டிக்கிடும்” என்றான் பெருமையாக.

கல்யாணத்தன்று காலை வண்டி மண்டப வாசலைப் பார்த்து நின்றது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், அமரவிடானுக்குச் சந்தனம், முட்டுத்தடிக்குக்கூடக் குங்குமம். மதில் மேல் ஒரு வாலும் இல்லை. முள் பச்சையில் தூங்கியது. தளவாய் வந்து வண்டியை ஒரு சுற்று பார்த்துவிட்டு, “ம்” என்றார். மாசிலாமணிக்கு அந்த ஓர் எழுத்தே ஆசீர்வாதமாக இருந்தது.

மணமகள் ஆவுடையும் மாப்பிள்ளை வன்னிராஜும் மணையில் உட்கார்ந்தார்கள். ஐயர் ஓமப் புகையில் மறைந்தார். முகூர்த்த நேரம் நெருங்கியது. நம் ஊர்க் கல்யாணத்தில் அந்த நேரத்தில் ஜனங்கள் எங்கே இருப்பார்கள்? பாதிப் பேர் பக்கத்துக் கூடத்தில் முதல் பந்தியில் இருந்தார்கள். மீதிப் பாதிப் பேர், அந்த முதல் பந்தியின் முதுகுக்குப் பின்னால், நாற்காலியை ஒரு கையால் பிடித்தபடி, ‘இவன் எப்போது மோருக்கு வருவான்’ என்று இலையை வெறித்துக்கொண்டு நின்றார்கள். தளவாய் ஒரு நாற்காலியைப் பிடித்திருந்தார். சின்ன மைத்துனருக்காகப் பக்கத்து நாற்காலியில், அதில் ஆள் இருக்கும்போதே, கைக்குட்டையையும் போட்டிருந்தார். ஒரு பெரியம்மா இரண்டு வடையைப் பைக்குள் இறக்கினார்.

வாசலில் முள் பச்சையிலிருந்து எகிறிச் சிவப்பின் கடைசியில் போய் முட்டியது. அமரவிடான் ‘ம்ம்ம்’ என்று கனைத்தது.

முதலில் முதல் பந்தி எழுந்தது. பாதிச் சாம்பாரில் இருந்தவர் கையை உதறியபடி எழுந்தார். உட்கார்ந்தார், எழுந்தார். இடம் காலியானதைக் கண்டு இரண்டாம் பந்தி பாய்ந்து உட்கார்ந்தது, முள்ளில் உட்கார்ந்ததுபோல் துள்ளி எழுந்தது. எழுந்தவர்கள் நாற்காலியை விட்டுப் போனார்களா? அதுதான் இல்லை. விட்டால் போய்விடுமே என்று அதே நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சுற்றச் சுற்ற முள் ஏறியது. முள் ஏற ஏற அலை ஏறியது. கூடம் முழுக்கக் கிரிவலம். பரிமாறுகிறவர்களை மட்டும் எந்த அலையும் ஒன்றும் செய்யவில்லை. அவர்களுக்கு உட்கார்ந்து பழக்கமே கிடையாது.

“கொரங்கு எங்கலே?” என்று அலறிக்கொண்டு, நின்ற இடத்தில் குதித்தபடி வந்தார் மாசிலாமணி.

பேச்சிமுத்து மானியைப் பார்த்தான். முகம் வெளுத்தது. “கொரங்கே இல்லத்தான். இது மனுசச் சுதி.”

“அத எதுக்குலே உள்ள வச்ச?”

“நான் எங்க வச்சேன்? கருவி செஞ்சவன் எல்லா உயிருக்கும் வச்சிருக்கான். அது நம்ம சம்பந்தியத்தான் முதல்ல காட்டுது. தொல்லை நூத்துக்கு நூறுங்குது.”

“அணை!”

“பொத்தான் எங்க இருக்கு, அணைக்க?”

உள்ளேயிருந்து கோமுவின் கூக்குரல் கேட்டது. மாப்பிள்ளை மணையிலிருந்து பாதி எழுந்துவிட, ஆவுடை அவன் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவளும் பாதி எழுந்துதான் இழுத்தாள். ஐயர் ஓம குண்டத்தைப் பிரதட்சணம் செய்தபடி மந்திரம் சொன்னார். தவில்காரர் நடந்துகொண்டே வாசித்தார்.

“என்ன சம்பந்தி இது!” என்று தளவாய் கூடத்திலிருந்து ஓடிவந்தார். “எம்மவன நான் எழுப்புறதுக்கு முன்னாலயே நீரு எழுப்பிட்டீரே! தாலி ஏறாம மணைய விட்டு எறங்கினா அப்புறம் ஏத்த மாட்டேன், ஆமா! முகூர்த்தம் போகுதுவே!”

மாசிலாமணி மணைப் பக்கம் ஓடினார். மகள் முகத்தைப் பார்த்தார். உதட்டைக் கடித்து, மணையை இரு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஆற்று வெள்ளத்தில் கட்டையைப் பிடித்தவள்போல் இருந்தாள். ஒரு மனிதனுக்கு இந்த ஊரிலே உட்கார ஓர் இடம் இல்லையா?

இருந்தது. வருஷக்கணக்காக அந்த இடத்தில்தான் அவர் மத்தியானத் தூக்கம் போட்டார். அமரவிடான் முன்னாலும் பக்கத்திலும் ஊதும், தன் முதுகுக்கு ஊதாது. அதற்கு நேர் பின்னே, வண்டித் தட்டில் மட்டும் அலைநிழல்.

“மணையோட தூக்குலே!” என்றார். “கால் தரையில படக்கூடாது. மணைய விட்டு எறங்கினாத்தான சம்பந்திக்குக் கோவம்?”

பேச்சிமுத்தும் சமையல்காரர்களும் சேர்ந்து மாப்பிள்ளையையும் பெண்ணையும் மணையோடு தூக்கினார்கள். ஏணிக்கும் வலைக்கும் நடுவே மணை இறங்கியதும், இருவரும் கற்சிலைபோல் அமைதியாக உட்கார்ந்தார்கள். ஐயர் ஏறினார். உட்கார இடமில்லாமல் பாம்புப் பெட்டிமேல் உட்கார்ந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நல்ல வேளையாக யாரும் சொல்லவுமில்லை. பிளீச்சிங் பவுடர் மூட்டையில் சாய்ந்துகொண்டு வன்னிராஜ் தாலி கட்டினான். நிற்க மாட்டாத ஜனம் வண்டியை வலம் வந்தபடி அட்சதை தூவியது. கோமு அழுதுகொண்டே குதித்தாள்.

தளவாய் பெருமூச்சு விட்டார். பசி தெரிந்தது. திரும்பிக் கூடத்துக்கு ஓடினார், வாசலிலேயே நின்றுவிட்டார்.

இலைகளுக்கு முன்னால் கங்காணியம்மாவின் கூட்டம் உட்கார்ந்திருந்தது. வரிசையாக. வாலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு. பேச்சிமுத்து தொல்லைமானிக்கு ராப்பகலாக நடத்திய பாடத்தை மரத்திலிருந்து பார்த்துப் பார்த்து, எப்படி இருந்தால் இந்தக் கருவி கனைக்காது என்று அவை கற்றுவிட்டிருந்தன. பரிமாறுகிறவர்கள் அவியலை வைத்துக்கொண்டே போனார்கள். இலைக்கு முன்னால் யாராவது உட்கார்ந்தால் வாளி நின்று பரிமாறும்; உட்கார்ந்தது யார் என்று முகம் பார்க்கும் வழக்கம் அவர்களுக்குக் கிடையாது.

“கொரங்கு!” என்றார் தளவாய். “சம்பந்தி, கொரங்குவே!”

“தாலி ஏறிட்டுது அண்ணாச்சி” என்றார் மாசிலாமணி பணிவாக. “மானி இதுகள விருந்தாளின்னு காட்டுது. தொல்லைன்னு வேற ஆளக் காட்டுது. யாருன்னு நான் சொல்லல.”

“எப்ப இது அடங்கும்?”

“நாம அடங்கினா.”

கங்காணியம்மா இன்னும் சாப்பிடவில்லை. தன் கூட்டத்துக்கு இடம் விட்டுவிட்டு, சுவரோரமாகக் கையை மடியில் கோத்தபடி, சோறு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாதவள்போல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தளவாய் அவளைப் பார்த்தார். பல்லைக் கடித்தார். மெல்லப் பின்னால் நகர்ந்து, குதிக்கும் காலை மற்றொரு காலால் மிதித்துக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்று, கையைக் கட்டி, மின்விசிறியைப் பார்த்தார். அவரைப் பார்த்து மைத்துனர் நின்றார். பெரியம்மா பையிலிருந்த வடையை இலையில் திரும்ப வைத்துவிட்டு நின்றார். சற்று நேரத்தில் கல்யாணக் கூட்டம் மொத்தமும் சுவரோரம் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மின்விசிறியை ரசித்தது.

வாசலில் முள் இறங்கிப் பச்சைக்கு வந்தது. அமரவிடான் அடங்கியது.

கங்காணியம்மா எழுந்துபோய்க் காலியான ஓர் இலையில் அமர்ந்தாள். அடுத்த இலையில் தளவாய், முன்பு நாற்காலியில் போட்ட கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆகா, உட்கார்வது என்பது எவ்வளவு பெரிய சுகம்! பாயச வாளி வந்தது. இரண்டு கரண்டி உள்ளே போனதும் மனது இளகி, மைத்துனர் ஞாபகம் வந்தது. அவர் கை தன் பாட்டுக்கு மடியிலிருந்த கைக்குட்டையை எடுத்து, பக்கத்து நாற்காலிப் பக்கம் மெல்ல நீண்டது.

வாசலில் முள் ஒரு நூல் அசைந்தது.

கங்காணியம்மா பாயசத்திலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். தளவாய் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டார்.