மழைச்சட்டைக்கு அடியில்

"இன்னா மச்சி, மல மேல டீக்கட கீதா? ஓவர்."

"இருக்கு. வந்து கிளாஸ் கழுவுதியா? ஓவர்."

மோகன்ராஜின் சிரிப்பு ரேடியோ செட்டில் கரகரத்து அடங்கியது. சண்முகசுந்தரம் மைக்கை பேட்டரி ஓரமாக வைத்தான். தூறல் விழ ஆரம்பித்ததால் செட், பேட்டரி எல்லாவற்றையும் தன் மழைச்சட்டையால் மூடினான்.

இரண்டாயிரத்துப் பதினைந்து நவம்பர். இருவருக்கும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி, ஒரே லைன். அமெச்சூர் ரேடியோ பரீட்சையும் சேர்ந்தே எழுதித் தேறியவர்கள். லீவு நாளில் ஒருவன் வல்லத்தைத் தாண்டியுள்ள குன்றின் உச்சிப்பாறையில் செட்டோடு உட்காருவான். மற்றவன் கைசெட்டோடு கீழே சுற்றுவான். குரல் எதுவரை எட்டுகிறது என்று பார்ப்பதில் அப்படியொரு பைத்தியம். அன்று மோகன்ராஜ் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் இருந்தான்.

அதன்பிறகு செட்டில் ஒரு சத்தமும் இல்லை. மோகன்ராஜால் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. சண்முகசுந்தரத்துக்கு அது லேசாக உறுத்தியது. ஆனாலும் பக்கத்திலிருந்த பெரிய பாறையின் மறைவில் ஒண்டிக்கொண்டு, ஒரே ரூமில் தங்கும் நெல்லையப்பனுக்கு போன் போட்டான். மோகன்ராஜ் எங்கே என்று அவன் கேட்டான்.

"அவனா? பொண்டாட்டி ஒரு சத்தம் போட்டிருப்பா, ஓடியிருப்பான். பயந்தாங்கொள்ளி மக்கா. அவனுக்கெல்லாம் எதுக்குலே ரேடியோ?"

சொல்லிவிட்டு சண்முகசுந்தரமே விழுந்து விழுந்து சிரித்தான்.

இருட்டும் வேளையில் மழைச்சட்டையைத் தூக்கினான். பேசும்போது மட்டும் எரியும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மைக் சரிந்து பேட்டரிக்கும் பாறைக்கும் நடுவில் சிக்கி, பட்டன் அமுங்கிக் கிடந்தது. பேசிக்கொண்டிருக்கும் செட் எதையும் கேட்காது. அந்த அலைவரிசையில் இருப்பவர்களுக்கோ அவன் குரல் மட்டும்தான் கேட்கும், போனில் பேசிச் சிரித்ததும்கூட. மைக்கை உருவினான். விளக்கு அணைந்தது. வெறும் இரைச்சல்.

மறுநாள் காலையில் மோகன்ராஜை, ஏரியின் உபரித் தண்ணீர் பாயும் கலங்கல் கால்வாயின் மதகுக் கம்பியிலிருந்து எடுத்தார்கள். ஒரு கை கம்பியை வளைத்துப் பிடித்திருந்தது. மறுகையில் வாயோடு ஒட்டிக் கைசெட். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்திருப்பான் என்றார்கள்.

"ஒங்களத்தான் கூப்ட்டுகினு இருந்திருப்பாரு. ஒண்ணுமே கேக்கலியாண்ணா?" என்றாள் அவன் மனைவி பூர்ணிமா.

"ஒண்ணுமே கேக்கலம்மா."

அது பொய்யில்லை. அதனாலேயே அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் அவளே கூப்பிட்டு அனுப்பினாள். "ரேடியோக்காரங்க யாராச்சும் போய்ட்டா, மூணு வாட்டி அவங்க ரேடியோ பேர, கால் சைனக் கூப்டணும், பதில் வராட்டித்தான் முடிஞ்சிச்சுன்னு அர்த்தம்னு சொல்வாரு. நீங்க மல மேலருந்து கூப்டுங்கண்ணா. அவரு செட்டு காய்ஞ்சி நல்லாத்தான் கீது. வூட்ல வச்சி நான் கேக்கறேன்."

மாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். தலையாட்டினான்.

பொழுது சாயும்போது ஏறினான். ஈரப்பாறையின் பாசி வாடையும் எங்கிருந்தோ வந்த பெயின்ட் நெடியும் தொண்டையில் இறங்க, கீழே ஷிப்ட் பஸ்கள் விளக்கு வரிசையாக ஊர்ந்து இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் திரும்ப, உச்சியில் மட்டும் காற்று மூச்சைப் பிடித்ததுபோல் நின்றிருந்தது. இந்தமுறை மைக்கை அவன் கீழே வைக்கவில்லை.

மோகன்ராஜின் கால் சைனைச் சொல்லிக் கூப்பிட்டான். பட்டனை விட்டான். இரைச்சல்.

மறுபடி கூப்பிட்டான். பட்டனை விட்டான். இரைச்சலுக்கு அடியில் தண்ணீர். இரும்பில் மோதித் திரும்பும் தண்ணீர். காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். காற்றே இல்லை.

மூன்றாவது முறை பாதியில் குரல் உடைந்தது. சொல்லி முடித்தான். பட்டனை விட்டான்.

விளக்கு அணையவில்லை.

கட்டைவிரலைப் பார்த்தான். விலகித்தான் இருந்தது. செட் ஊமையாகியிருந்தது. சிவப்பு.

பெரிய பாறைக்குப் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"பயந்தாங்கொள்ளி மக்கா."

திருநெல்வேலிப் பேச்சு. அவனுடைய சொந்தச் சிரிப்பு. அவனுடைய குரல். கீழே பிள்ளைப்பாக்கத்து வீட்டில் பூர்ணிமா செட்டைக் காதோடு வைத்துக்கொண்டிருப்பாள்.

மைக்கைச் சட்டைக்குள் திணித்து வயிற்றோடு அழுத்தினான். குரல் நெருங்கியது. பாறையைச் சுற்றிக்கொண்டு வந்தது.

"அவனுக்கெல்லாம் எதுக்குலே ரேடியோ?"

"பூர்ணிமா, செட்ட அணச்சிரும்மா! கேக்காத!" என்று கத்தினான். கத்தியபிறகுதான் அதுவும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று உறைத்தது.

பாறை ஓரத்தில் ஒரு மழைச்சட்டையின் விளிம்பு. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பேட்டரி வயர்களைப் பிடுங்கினான். இரண்டும் கையோடு வந்துவிட்டன.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.