அணையாத விளக்கும் எரியாத விளக்கும்

கோவையிலிருந்து டெல்லிக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்தில், அக்ஷராவின் தலைக்கு மேலிருந்த விளக்கு எரியவில்லை. பொத்தானை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். ம்ஹூம்!

"அம்மா, விடுகதைப் புத்தகம் பாதியில நிக்குது. இது எரியவே மாட்டேங்குது!"

"விடு கண்ணு. ஜன்னல்ல வேடிக்கை பாரு" என்றார் அம்மா.

வெளியே இருட்டியது. உள்ளே பெரிய விளக்குகளை அணைத்தார்கள். அப்போதுதான் அந்த அலறல் கேட்டது.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் நதியா என்ற அக்கா கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய விளக்கு அணையவே இல்லை. வெளிச்சம் நேராகக் குழந்தையின் கண்ணில் விழுந்தது. நதியா துப்பட்டாவால் மறைத்தார். குழந்தை அதை இழுத்து எறிந்துவிட்டு இன்னும் கத்தியது.

நதியாவின் பக்கத்து இருக்கையில் இருந்த சிவசுப்பிரமணியம் திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளி. அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க, இத்தாப் பெரிய பிளேனை ஓட்டறீங்க. ஒரு லைட்டை அணைக்க முடியலீங்களா?"

"மன்னிக்கணும் சார்" என்றார் பணிப்பெண். "சின்னக் கோளாறுதான். டெல்லியில இறங்கினதும் சரி பண்ணிடுவாங்க. வேற சீட்டும் காலியில்லை."

"அதுவரைக்கும் என்ர காது தாங்கோணுமே!"

அக்ஷராவுக்கும் எரிச்சல் பொங்கியது. "அங்க அணைய மாட்டேங்குது. இங்க எரிய மாட்டேங்குது. என்ன பிளேனோ!"

சொன்னவள் சட்டென்று நிமிர்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கீழே ஏதோ ஓர் ஊர் ஜிகினா கொட்டியதுபோல மின்னியது. இந்த இடத்துக்காக அம்மாவிடம் எவ்வளவு கெஞ்சியிருந்தாள்!

குழந்தை அழுது அழுது, அதன் குரலே கம்மிவிட்டது.

"அக்கா" என்று பணிப்பெண்ணைக் கூப்பிட்டாள். "அந்த அக்கா இங்க வரட்டுங்க. இருட்டுல பாப்பா தூங்கும். நான் அங்க போயிப் படிச்சுக்கறேன்."

பணிப்பெண் அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரித்தபடி தலையாட்டினார். அக்ஷராவும் நதியாவும் இடம் மாறினார்கள். கொஞ்ச நேரத்தில் குழந்தை நதியாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனது.

அக்ஷரா புத்தகத்தை விரித்தாள். சிவசுப்பிரமணியம் மெல்ல எட்டிப் பார்த்தார்.

"என்ன கண்ணு படிக்கற?"

"விடுகதைங்க. சொல்லட்டுங்களா? கழுத்து இருக்கும், தலை இருக்காது. கை இருக்கும், விரல் இருக்காது. அது என்னங்க?"

அவர் தாடையைத் தடவினார். கூரையைப் பார்த்தார். "பேயா?"

"பனியனுங்க!"

"அட! தினமும் மூட்டை மூட்டையாத் தைக்கறனே!" அவர் 'ஹாஹாஹா' என்று விமானமே அதிரச் சிரித்தார்.

பணிப்பெண் ஓடி வந்தார். "சார், மெதுவா! குழந்தை தூங்குது."

சிவசுப்பிரமணியம் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அக்ஷராவின் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்.

"அடுத்ததைச் சொல்லு கண்ணு."