பெயர் வாங்கிய ஃபியோர்டு

காலையிலிருந்து நாய்கள் அத்தனையும் சங்கிலி எட்டும் மட்டும் மேற்கே போய், ஃபியோர்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. சீல் இறைச்சியை எறிந்தும் ஒன்றுகூடத் திரும்பவில்லை. இவாலு வாளியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, மேற்கே பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பினாள்.

இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ளே நுழையும் கடலான அந்த ஃபியோர்டுக்கு ஊரில் யாரும் பெயர் வைத்ததில்லை. ‘அந்தப் பக்கம்’ என்பார்கள், அதையும் கை நீட்டாமல். கோடையில் வரைபடக்காரர்கள் வந்து இடப்பெயர்களை எழுதிக்கொண்டபோது, இதை மட்டும் வெற்றாக விட முடியாது என்றார்கள். வசந்தத்தில் அங்கேதான் அவள் தம்பி சாலிக் பனிக்கட்டி உடைந்து மூழ்கினான், உடல்கூடக் கிடைக்கவில்லை. அவன் பெயராவது எங்காவது இருக்கட்டுமே என்ற ஆற்றாமையில் அதைச் சொல்லிவிட்டாள். செத்தவர் பெயர் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்குச் சொந்தம், அதுவரை அதை உச்சரிக்கவே கூடாது என்று தெரியாதவளா? தெரியும். காகிதம்தானே என்று நினைத்தாள். நேற்று அச்சான வரைபடம், ஃபியோர்டின் மேல் அவன் பெயரோடு, கடைச் சுவரில் ஏறியது. வீட்டில் அவள் மூச்சு விடவில்லை.

சாலிக்கின் மனைவி நிவிக்கு மதியம் வலி எடுத்தது. மூடுபனியில் ஹெலிகாப்டர் வராது என்றதும் நர்ஸ் மலேனே பையோடு வந்துவிட்டாள். அடுப்பில் கொதிக்கும் சூப்பின் கொழுப்பு வாடையும் ஈரக் கம்பளி வாடையும் அறையில் தேங்கி நிற்க, வெளியே பனிப்பாளங்கள் ஒன்றையொன்று உரசி முனகும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு நெருங்குவதுபோல் கேட்க, இவாலு ஜன்னல் திரையை மூடி, மூடியதையே மறுபடி இழுத்து மூடினாள்.

“ஒம் மூஞ்சியப் பாத்தா நீதான் பெக்கப்போற மாதிரி இருக்கு,” என்றாள் மலேனே. இவாலுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிள்ளை பிறந்தது. ஆண். உடம்பு கதகதப்பாக இருந்தது, மூச்சும் சீராக வந்தது. அழவில்லை. மலேனே பாதத்தைச் சுண்டினாள், முதுகைத் தேய்த்தாள். கண்ணைத் திறந்து பார்த்தான், அவ்வளவுதான்.

“பேருக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காரு. கூப்பிடுங்க அண்ணி,” என்றாள் நிவி. புருஷன் திரும்பி வந்துவிட்ட சந்தோஷம் அவள் முகம் முழுக்க இருந்தது.

அந்தப் பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டதைச் சொல்லியிருக்கலாம். இப்போதாவது. இவாலு குனிந்தாள். ரொம்பச் சின்னக் காது.

“சாலிக்.”

வெளியே முனகல் நின்றது.

பிறகு மேற்கே ஃபியோர்டிலிருந்து அழுகை வந்தது. பச்சைப்பிள்ளை அழுகை. மலைக்கு மலை மோதியது. ஊரையே நிறைத்தது. பசி அழுகை.

நிவியின் மார்பு நனைந்தது. பிள்ளையைக் கட்டிலில் போட்டாள். எழுந்தாள். மலேனே பிடித்த கையை உதறினாள்.

“இதோ வரேண்டா கண்ணு,” என்றாள், கதவைப் பார்த்து.

வெறுங்காலோடு பனியில் இறங்கினாள். கட்டிலில் பிள்ளை வாய் பிளந்து, முகம் சிவக்க, சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தது.