ஒரே ஒரு நன்றி

அன்று காலையும் மாசிலாமணியைச் சாலை கடக்க வைக்க வரிசை நின்றது. செவ்வாய்க் கிரகத்தில் திருநெல்வேலிப் பக்கத்து மக்கள் குடியேறிய பொருநைக் கூடத்தில், கண்ணாடிக் குவிமாடத்துக்குக் கீழே இருந்த ஒரே சாலையில், அவர் விடிந்ததிலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தார். ஒருவர் கைபிடித்துக் கொண்டுபோய் விட்டதும் அடுத்தவர் பிடித்துத் திரும்பக் கூட்டிவந்தார். ஒவ்வொரு முறையும் அவர் "நன்றி" என்றார். அவர் தேநீர் குடிக்கப் புறப்பட்டவர். எங்கே போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

சிறு வயதிலேயே சுரங்கத் தூசியில் கண் போனவர் அவர். ஊர்க் கணக்கில் வேறு எவருக்கும் எந்தக் குறையும் இல்லை. அதுதான் சிக்கல்.

மனிதன் பசியாறும்போதும் பிள்ளை சிரிக்கும்போதும் மூளையில் கொஞ்சம் இன்பம் சுரக்கிறது. இதை மறுபடி செய் என்று மூளை தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வழி அது. கடவுள் அதை அளவோடுதான் வைத்திருந்தார். மதுவும் போதை மருந்தும் அந்த மடையை உடைத்து வெள்ளமாகத் திறந்துவிடுகின்றன. வெள்ளத்தைத் தாங்க முடியாத மூளை தன் வாயில்களைச் சுருக்கிக்கொள்கிறது. அப்புறம் நேற்றைய அளவு இன்று போதாது. குடிக்காவிட்டால் கை நடுங்கும். சோறும் பிள்ளையும் சப்பென்று ஆகிவிடும்.

பூமியில் இப்படிக் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்த முன்னோர், செவ்வாயில் மதுவை ஒழித்துவிட்டு, குறையில்லாமல் வளர்ந்த ஒவ்வொருவர் காதுக்குப் பின்னும் அரிசியளவு துளிப்பொறி ஒன்றைப் பதித்தார்கள். உதவி பெற்றவர் நன்றி சொன்னால், செய்தவரின் மூளையில் அது ஒரு துளி இன்பத்தைச் சொட்டும். ஏற்பாடு பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு நாளைக்கு ஒரு நன்றி போதாமல் போனதை மட்டும் யாரும் பேசவில்லை.

மாசிலாமணிக்குச் செயற்கை விழித்திரை வைக்க, முடி வெட்டும் நேரம்கூட ஆகாது. அவரும் ஆண்டுதோறும் கேட்டார். மன்றத் தலைவர் கோமதிநாயகம் ஆண்டுதோறும் அவர் தோளைத் தடவிக்கொடுத்தார்.

"ஊருக்கே புண்ணியம் குடுக்கியது நீங்கதான் அண்ணாச்சி. உங்களுக்குக் கண்ணு வந்துட்டா இந்தச் சனம் எங்க போகும், சொல்லுங்க?"

தோளைத் தடவியதற்கும் அவர் நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

மன்றத்தில் பூமியிலிருந்து வந்த பழைய படம் ஒன்று மாட்டியிருந்தது. முன்னோரின் தருமத்துக்குச் சாட்சி என்று அதற்குத் தினமும் மாலை போடுவார்கள். ஆஸ்பத்திரியில் ஏழை நோயாளிக்கு ரொட்டி கொடுக்கும் காட்சி என்று மாசிலாமணிக்கு விவரித்திருந்தார்கள். கண் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரிடம் எங்கே போக வேண்டும் என்று கேட்கிற ஒரே ஆள் எஸ்தாக்கி. கூடத்தின் காற்றுக்காகப் பாசி வளர்க்கும் தொட்டியிலேயே யாரோ கள்ளத்தனமாக வடித்து விற்ற சாராயத்தை வாங்கிக் குடித்து, மூளையைக் கருக்கிக்கொண்டவன். அவனுக்குத் துளிப்பொறி வேலை செய்யவில்லை. குடியை அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, தனியாக நடுங்கி நடுங்கித்தான் விட்டான். நடுக்கம் கையில் மட்டும் தங்கிவிட்டது. துளி விழாதவன் எதற்கு நல்லது செய்யப்போகிறான் என்று ஊரார் அவனை ஒதுக்கியிருந்தார்கள்.

அன்று வரிசை கலைந்தபின் அவன்தான் மாசிலாமணியைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப்போனான். பழக்கத்தில் அவர் நன்றி என்றார்.

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி? ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துத மாதிரி," என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாராயம் விக்கியவன் ரெண்டு நாள் கடையை அடைச்சான்னு வையுங்க. குடிகாரன் கேட்டதெல்லாம் குடுப்பான். நான் பெஞ்சாதி தாலியவே குடுத்தவன்," என்றான்.

மறுநாள் காலை முதல் ஆள் மாசிலாமணியைச் சாலை கடக்க வைத்தபோது அவர் வாயைத் திறக்கவில்லை. கண் வரும்வரை யாருக்கும் நன்றி சொல்வதாகவும் இல்லை.

முதலில் சிரித்தார்கள். பிறகு கெஞ்சினார்கள். நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டே சாலையைக் கடந்தார்கள். சாயங்காலத்துக்குள் கூடம் முழுவதும் கைகள் நடுங்க ஆரம்பித்தன. தினமும் கோயில் வாசலில் முதல் ஆளாக நிற்கும் ஒரு பெரிய மனிதர், வழுக்கி விழுகிறவர்களைத் தூக்கிவிடலாமே என்று படிக்கட்டில் எண்ணெய் ஊற்றினார். விழுந்தவரைத் தூக்க ஏழு பேர் அடித்துக்கொண்டதில் மூன்று பேருக்குப் பல் போயிற்று. அடுத்த நாள் வியர்த்து வழிந்தபடி கோமதிநாயகம் வந்தார். அறுவைக்கு அனுமதி என்றார். "இப்பமாவது ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி," என்று காலைப் பிடித்தார்.

கண் வந்தது. குறையில்லாதவர் ஆகிவிட்டதால், விதிப்படி அன்றே அவர் காதுக்குப் பின்னும் துளிப்பொறி பதித்தார்கள்.

மாசிலாமணி நேராக மன்றத்துக்குப் போய் அந்தப் படத்தின் முன் நின்றார். அதில் ஆறு பேர் ஒரே ரொட்டிப் பொட்டலத்தில் கைவைத்தபடி படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இடுப்புகளுக்கு நடுவே கட்டிலின் ஒரு கால் தெரிந்தது.

"இதுல நோயாளி எங்க?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. அதுவரை யாரும் தேடியதில்லை. அவர்களுக்கு அப்போது வேறு அவசரம் இருந்தது. குறையுள்ள புதிய ஆள் வேண்டும். கை நடுங்குகிற எஸ்தாக்கியை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதை அவனிடம் சொல்லி வருத்தப்படத்தான் மாசிலாமணி தேநீர்க் கடைக்குப் போனார். எஸ்தாக்கியின் டம்ளர் ஆடித் தளும்பியது. அவர் இயல்பாக அடியில் கைகொடுத்தார். அவனும் இயல்பாகச் சொன்னான்.

"நன்றி அண்ணாச்சி."

மாசிலாமணியின் மூளையில் முதல் துளி விழுந்தது.

வாரம் ஒன்று போனது. ஒரு காலையில் எஸ்தாக்கி கதவைத் திறந்தபோது வாசலில் வரிசை நின்றது. முதல் ஆளாக மாசிலாமணி நின்றார். கையில் டம்ளர்.

"எனக்கு இப்பம் தேத்தண்ணி வேண்டாம் அண்ணாச்சி."

"ஒரு வாய் குடி. குடிக்காட்டாலும் சரி. நன்றின்னு சொல்லு தம்பி. ஒண்ணே ஒண்ணு. நாளைக்குக் கேக்க மாட்டேன்."

அந்தக் குரலை எஸ்தாக்கிக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் அது அவனுடைய குரல். அவன் நன்றி சொல்லவில்லை. டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கைகளைத் தன் நடுங்கும் கைகளுக்குள் எடுத்துக்கொண்டான்.

"இருங்க அண்ணாச்சி. அடங்கும். நான் இருக்கேன்லா."

இருவரும் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நேரம் வீணாகிறது என்று வரிசை முணுமுணுத்தது. துளிக்கு வழியில்லை என்று தெரிந்ததும் கோமதிநாயகம் முன்னால் வந்தார். அந்த நாலு கைகளின் மேல் தன் கையையும் வைத்து, படம் எடுக்கச் சொல்லிவிட்டுச் சிரித்தார். உடனே இன்னும் ஐந்து பேர் ஓடிவந்து கைவைத்தார்கள்.

படம் நன்றாக வந்தது. அதில் எஸ்தாக்கியும் மாசிலாமணியும் தெரியவில்லை.