மணிக்கட்டில் ஓர் ஒட்டு

செவ்வாயின் நான்காம் குமிழ்நகரில் காலை மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாக இடது மணிக்கட்டை நீட்டுவார்கள். தோலுக்கடியில் பதித்த ஒளிரும் மை மினுங்கும். நான் யார், என்ன ஆகப் போகிறேன் என்று அவரவர் தாமே வரைந்த சின்னம் அது. பதினைந்து வயதில் ஒரே தடவை பதிப்பார்கள், பிறகு அழியாது. மேற்படிப்புக்கு ஆள் எடுக்கும் எந்திரம் மதிப்பெண்ணைச் சீண்டுவதில்லை, சின்னத்தைத்தான் படிக்கும்.

பிள்ளைகளுக்குச் சின்னம் வரையத் துணை நிற்பது பத்மாசனி டீச்சரின் வேலை. பதிப்பு நாளன்று அல்லி கொண்டுவந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னம்மா இது, அப்பளமா?"

"ஒட்டு, டீச்சர். போன மாசம் எங்க தெருக் குமிழ்ல ஓட்டை விழுந்து காத்து சீறிக்கிட்டுப் போச்சே, என் பையைக் கிழிச்சு நான்தான் அடைச்சேன். அன்னைக்கு இருந்த சந்தோஷம் எனக்கு வேற எதுலயும் வந்ததில்ல."

கூட வந்திருந்த அவள் அப்பா அருமைநாதன் கொதித்துப் போனார். "ஒட்டுப் போடுறவள்னு ஆயுசுக்கும் கையில எழுதிக்கிட்டுத் திரியணுமா? எல்லாரையும் போல ராக்கெட் போடுங்க!"

பத்மாசனிக்கும் உள்ளூர உதறல்தான். தப்பாகிவிட்டால் பெண்ணின் வாழ்க்கையே போயிற்று. "கை அவளோடது சார். அவளே சொல்லட்டும்" என்றாள்.

அல்லி அப்பாவைப் பார்த்தாள். கண் கலங்கியது. ஆனாலும் கையை ஊசிக்கடியில் வைத்தாள். "ஒட்டுதான் டீச்சர்."

அந்த ஆண்டு முப்பத்தொரு பேரில் எந்திரம் எடுத்தது அல்லி ஒருத்தியை மட்டும். குமிழ்க்காப்புப் பொறியியல். காரணம் ஒரே வரி: 'வேறு யாரிடமும் இல்லாதது.' பத்மாசனி சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆனந்தமாக அழுதாள். 'உனக்குப் பிடிச்சதை வரை' என்று இத்தனை வருஷம் பிள்ளைகளிடம் சொன்னது கடைசியில் யாருக்கோ புரிந்துவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பு வாசலில், அடுத்த ஆண்டு சின்னம் பதிக்க வேண்டிய பிள்ளைகளோடு நாற்பது பெற்றோர் நின்றிருந்தார்கள். முதலில் நின்ற அம்மா, மகளை முன்னால் தள்ளிவிட்டாள்.

"டீச்சர், அல்லிக்குப் போட்டீங்களே, அதே மாதிரி இவளுக்கும் தனித்துவமா ஒண்ணு போட்டுடுங்க. அச்சு அசலா அதேதான் வேணும்."

பத்மாசனி குனிந்து அந்தப் பெண்ணைக் கேட்டாள். "உனக்கு என்னம்மா பிடிக்கும்?"

பெண் வாயைத் திறந்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"அவளைப் போய் ஏன் கேக்கறீங்க, டீச்சர்? அவளுக்கு என்ன தெரியும்?"