பென்சில் கோடு விழுந்த பெயர்

ஒன்பதாம் பக்கத்திலேயே கொலைகாரனின் பெயருக்குக் கீழே யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். கொலை நடப்பதோ முப்பதாம் பக்கத்தில்.

ரெமிஜியஸ் புத்தகத்தைக் கட்டிலில் விட்டெறிந்தான். இப்படி ஆவது இது நான்காவது புத்தகம். தங்கவயல் சுரங்க ஆபீசை விட்டுவிட்டு பெங்களூருக்கு வந்து, ஜோகுபாளையத்தில் குடியேறிய இந்த இரண்டு வருஷத்தில் அவனுக்கென்று இருந்த ஒரே சுகம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துப்பறியும் நாவல் படிப்பதுதான். அதிலும் மிஸ் விண்டர்பெரி கதைகள். யாரும் லட்சியம் செய்யாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்த நரைத்த கிழவி, கடைசி அத்தியாயத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆளைக் காட்டும் இடத்துக்காகவே ஆறு நாளும் ஆபீசில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான். சிவாஜிநகர் பழைய புத்தகக் கடையில் ஆறு புத்தகங்கள் கட்டாகக் கிடைத்தன. சுதந்திரம் வந்த வருஷம் செத்துப்போன ஒரு துரைசானியுடையவை என்றார் கடைக்காரர்.

"கிழவி கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே இந்தத் துரைசானி சொல்லித் தொலைக்கிறா!"

"ரப்பர் வெச்சு அழிச்சிட்டுப் படிங்களேன்," என்றாள் மனைவி மேரி. "அதுக்கு ஏன் என்மேல பாயுறீங்க?"

ஐந்தாவது புத்தகத்தை அவளிடமே கொடுத்தான். அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஒரு இடத்தில் அழித்து, ஊதித் துடைத்துத் தந்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

தகரக் கூரைமேல் மழை சடசடத்தது. ஈரச் சுவரின் வாடையும் பழைய காகிதத்தின் வாடையும் கலந்த அந்த அரையிருட்டில், ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆசையாகப் படிக்கத் தொடங்கினான். பதினோராம் பக்கம். டாக்டரின் பெயர். அடியில் கோடு.

விரலால் தொட்டான். கரி ஒட்டிக்கொண்டது.

"அழிச்சேன்னு சொன்னியே?"

"மாதாமேல சத்தியமா அழிச்சேங்க!"

"பொய் சொல்லாதே!"

அடுப்படியில் பாத்திரம் ஒன்று ணங்கென்று விழுந்தது. அந்தச் சத்தமே அவனுக்கு எரிச்சலாக இருந்தது. ரப்பரை எடுத்துத் தேய்த்தான். காகிதம் கிழியும்வரை தேய்த்தான். பக்கத்தைத் திருப்பினால் அங்கேயும் டாக்டர், அங்கேயும் கோடு.

மழை நின்றது. அப்போதுதான் அது கேட்டது. மரத்தைப் பூச்சி அரிப்பதுபோல, மெல்ல, விட்டுவிட்டு.

கர்ர்க். கர்ர்க்.

சத்தம் மேஜைமேல் இருந்த ஆறாவது புத்தகத்திலிருந்து வந்தது. அட்டையைத் திறந்தான். முதல் தாளில் நேற்று அவனே மசியால் எழுதிய தன் பெயர். அதன் கீழே, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு சாம்பல் கோடு ஊர்ந்தது. ரெ. மி. ஜி. கடைசி எழுத்தைத் தாண்டி நின்றது.

பென்சில் இல்லை. கை இல்லை.

அவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் என்ன செய்தேன்? இந்த வீட்டில் யார் செத்தார்கள்? யாருமே சாகவில்லையே!

பிறகு உறைத்தது. எல்லாப் புத்தகத்திலும் கோடுதான் முதலில். கொலை அப்புறம்.

"மேரி!"

பதில் இல்லை. கோபித்துக்கொண்டிருப்பாள். இந்த வீட்டைவிட்டு இப்போதே கிளம்பிவிட வேண்டும், அவளிடம் சொல்ல வேண்டும். அடுப்படிக்கு ஓடினான். புகை. கண் எரிந்தது. அவள் குனிந்து ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். உயிரோடுதான். கழுத்தில் வியர்வை மின்னியது. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

காலடி கேட்டு அவள் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கும் கீழே பார்த்தாள்.

"என்னாங்க... அம்மிக்குழவிய எதுக்குக் கையில எடுத்தீங்க?"

அவனும் குனிந்து பார்த்தான். கனமாக, ஈரமாக, அவன் வலது கையில். எப்போது எடுத்தான்?

கீழே போட நினைத்தான். விரல்கள் விரியவில்லை.

கை மெல்ல மேலே எழுந்தது.